பாத்தேன்னு சொல்லு

மருந்துக் கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவது எல்லோருக்கும் பத்து நிமிட வேலை. எனக்கு மட்டும் அரை மணி நேரம் ஆகிறது. இதற்குக் காரணம் ஒரே ஒரு பெண்மணி. அவர் இருப்பது டெக்சாஸில், நான் இப்போது இருப்பது நியூஜெர்சியில். இடையில் எத்தனையோ மாநிலங்கள் இருந்தும் அந்த மனுஷி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

போன வாரம்கூட நடந்தது. வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஃபார்மசியின் டிரைவ்-த்ரூவில் மகனுடைய இன்ஹேலரை வாங்கப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் சிரித்து, பையை நீட்டிவிட்டாள். பெயர் கேட்கவில்லை, பிறந்த தேதி கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என் பையன் பிறந்த தேதியைக் கேளுங்கள்" என்றேன். அவள் விழித்தாள். பின்னால் மூன்று கார்கள். பின்சீட்டிலிருந்து மகன், "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் கோ" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் தேதியை நானாகவே சொல்லி, பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதையும் லேபிளையும் பார்த்த பிறகுதான் காரை எடுத்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் கூடுதல் எரிச்சல்.

டெக்சாஸில், இர்விங் என்ற ஊரில் அவரிடம் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். இந்தியன் கிராசரி கடை, புருவம் திருத்தும் கடை, ஒரு சாட் கடை என்று வரிசையாக இருக்கும் கட்டடத்தில் கடைசியில் அவருடைய ஃபார்மசி. சொந்தக் கடை. அவர் ஒருவர்தான் மருந்தாளர், நான் ஒருத்திதான் டெக்னீஷியன். சீட்டைக் கணினியில் ஏற்றுவது, மாத்திரை எண்ணுவது, டப்பாவில் போடுவது என் வேலை. நான் செய்ததையெல்லாம் சந்தேகப்படுவது அவர் வேலை.

குள்ளமான உருவம். வெள்ளைக் கோட்டு மட்டும் இரண்டு சைஸ் பெரியது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. அமெரிக்கா வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் திருநெல்வேலித் தமிழில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவர். ஆங்கிலத்தையும் அதே ராகத்தில்தான் பேசுவார். வாடிக்கையாளர்களுக்கு அவர் ஃபார்மசி ஆன்ட்டி. எனக்கு அக்கா.

வேலையில் சேர்ந்த முதல் சனிக்கிழமை ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கையில் கிராசரிப் பை. அக்கா திரையைப் பார்த்தபடி, "பிறந்த தேதி சொல்லுங்க" என்றார்.

"ஏட்டி, இருவத்தேழு வருஷமா உன்கூட குடும்பம் நடத்துதேன்."

"அது வீட்ல. இங்கன டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க."

அவர் சொன்னார். அக்கா விடவில்லை. "இது சர்டிபிகேட் தேதியா, அத்தை சொன்ன தேதியா?"

"சர்டிபிகேட்."

"அப்ப சரி." ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கணவருக்குக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சர்டிபிகேட் கேள்வி வெட்டியான கேள்வி அல்ல. நம் ஊரில் ஒரு தலைமுறைக்கே ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போன அப்பாவுக்குத் தேதி ஞாபகமிருக்காது. ஹெட்மாஸ்டர் பையனை மேலும் கீழும் பார்த்து, வயது ஐந்து வருகிற மாதிரி ஒரு ஜூன் ஒன்றை எழுதிக்கொள்வார். அது பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போய், விசாவுக்குப் போய், இர்விங்கில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கும் அப்பாவின் மருந்துச் சீட்டு வரைக்கும் வந்துவிடும். எங்கள் கணினியைத் திறந்தால் அறுபதைத் தாண்டிய தமிழர்களில் பலர் ஒரே நாளில் பிறந்திருப்பார்கள்.

தினம் பார்க்கிற ஆட்களிடமும் இதே கேள்விதான். "நேத்துதானே ஆன்ட்டி வந்துட்டுப் போனேன்?" என்று பாவமாகக் கேட்பார்கள்.

"நேத்து வந்தது நீங்கதான்னு நேத்து பாத்தேன். இன்னைக்கும் பாக்கணும்லா."

தேதியைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். நானும் பிதுக்குவேன். எனக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு முழுக்க அந்த உதட்டுப் பிதுக்கலில்தான் வளர்ந்தது.

மாத்திரையை நீலத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். நான் ஒரு தடவை எண்ணுவேன். அவர் வந்து மறுபடி எண்ணுவார். பிறகு, எண்ணிய தானே தப்பாக எண்ணியிருக்கலாம் என்று இன்னொரு தடவை எண்ணுவார். ஆக, என் எண்ணிக்கைக்கு மேல் அவர் எண்ணிக்கை இரண்டு. ஒருநாள் கடுப்பில் சொல்லிவிட்டேன்.

"முப்பதுதான் அக்கா, எனக்குத் தெரியும்."

"தெரியும்னு சொல்லாத பிள்ள. பாத்தேன்னு சொல்லு."

"பாத்துட்டுதான் சொல்றேன்."

"அப்ப அதையே சொல்ல வேண்டியதுதான?"

இந்த ஒரு வசனத்தை நான்கு வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கதவைப் பூட்டியாச்சா என்று கேட்பார், பூட்டியாச்சு என்பேன். "பாத்தியா?" என்பார். திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். அது என்றைக்குமே பூட்டித்தான் இருக்கும்.

ஒரு வருஷம் ஐஸ் புயல் அடித்தது. ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. மறுநாள் கடையைத் திறந்தால் ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, வெப்பநிலையும் சரியாகக் காட்டுகிறது. அக்கா மட்டும் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு இன்சுலினையும் தடுப்பூசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

"அக்கா, வெளிய ஊரே உறைஞ்சு கிடக்கு. உள்ள என்ன சூடாகியா கெட்டுப் போயிருக்கும்?"

"உறைஞ்சாலும் கெட்டதுதான். கரண்டு போன நேரத்துல இது எந்த டிகிரில இருந்துச்சு? பாத்தியா?"

"யாரு பாத்திருப்பா?"

"யாரும் பாக்கலல்லா? அதான்."

நல்ல மருந்தைக் குப்பையில் போடுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு மருந்தைத் தூக்கி எறிவது சோற்றைத் தூக்கி எறிகிற மாதிரிதான். அந்தப் பழக்கத்தில்தான் ஓர் அம்மா, மாமனார் ஊருக்குத் திரும்பிய பிறகு மீந்திருந்த மாத்திரைகளை அழகாக ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்தார். "சீல்கூடப் பிரிக்கல ஆன்ட்டி. யாராவது இல்லாதவங்களுக்குக் குடுங்க, புண்ணியமாப் போகும்." அக்கா மறுத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"இது வெயில் காலத்துல உங்க கார்ல எவ்வளவு நேரம் கெடந்துச்சோ, யாரு கண்டா? இல்லாதவங்களுக்கு மட்டும் கெட்ட மருந்தக் குடுக்கலாமா?" என்றார் அக்கா. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதை அந்த முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த அம்மா அதன் பிறகு எங்கள் கடைப் பக்கமே வரவில்லை.

இந்தியாவிலிருந்து சூட்கேஸில் வரும் மாத்திரைகள் தனிக் கதை. பெற்றோர் ஆறு மாதத்துக்கான மாத்திரையோடு வந்து இறங்குவார்கள். இங்கே டாக்டர் அதே மருந்தை வேறு பெயரில் எழுதுவார். இரண்டு பெயரைப் பார்த்து இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவார்கள். அதனால் புதிதாக வரும் பெரியவர்கள் ஊர்ப் பையை அப்படியே கொண்டுவந்து கவுண்டரில் கொட்ட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அதில் மாத்திரை மட்டுமா வரும்? பெருங்காயம் வரும், விபூதிப் பொட்டலம் வரும், ஒருமுறை பாதி தின்ற கடலை மிட்டாய் வந்தது. பின்னால் வரிசை வாசல் வரை நிற்கும்.

மருந்தைக் கையில் கொடுக்கும்போது டப்பாவைத் திறந்து மாத்திரையைக் காட்டுவார். எதற்கு, எப்போது, எத்தனை என்று சொல்வார். சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்பார். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் ஆட்கள் கூடக் கவுண்டரில் கைகட்டி நின்று, "காலைல ஒண்ணு, சாப்பிட்டதுக்கு அப்புறம்" என்று ஒப்பிப்பார்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். அது செல்லாது. "நம்ம ஆளுக எதுக்கும் தலையாட்டுவாங்க. தலையாட்டுதது பதிலே இல்ல பிள்ள" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு அந்த நோட்டு. கறுப்பு அட்டை போட்ட பெரிய நோட்டு. கடையில் நடக்கும் ஒவ்வொரு தவறையும் அதில் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் எழுதிவைப்பார். யார் செய்தது, என்ன செய்தது, பிறகு என்ன நடவடிக்கை என்று கட்டங்கள். அதில் இரண்டு கட்டம் நேரத்துக்கு. ஒன்று, தவறு எப்போது தெரியவந்தது. இன்னொன்று, எப்போது சொல்லப்பட்டது. சேர்ந்த இரண்டாவது மாதம் என் மதிய சாப்பாட்டை அவசரத்தில் மருந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அன்று அந்த நோட்டில் ஏறிய வரி: தயிர்சாதம், ஒரு டப்பா. நடவடிக்கை: அகற்றப்பட்டது. கீழே நான் கையெழுத்து வேறு போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் கணவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் கதவைத் தட்டினார்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு நான் ஏன் அங்கே இருந்தேன் என்றால், எனக்கு அந்த வேலை வேண்டும். கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். மூன்று வருஷம் வேலை செய்ய அனுமதியில்லாமல் அபார்ட்மென்ட் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுமதி வந்ததும் படித்து, பரீட்சை எழுதி, டெக்னீஷியன் என்று மாநிலத்தில் பதிவு செய்து, என் பெயர் போட்ட அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டேன். அந்தப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு வெறி இருந்தது. அதனால்தான் பழனிச்சாமி விஷயத்தில் அப்படி நடந்துகொண்டேன்.

எங்களுக்கு இரண்டு பழனிச்சாமிகள். இருவரும் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தவர்கள். ஒருவர் ஈரோட்டுப் பக்கம். தினமும் சாயங்காலம் தொப்பியும் ஷூவும் போட்டுக்கொண்டு நடப்பார், நான் அவருக்கு வாக்கிங் பழனிச்சாமி என்று பெயர் வைத்திருந்தேன். ரத்தக் கொதிப்பு தவிர அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது. மற்றவர் சர்க்கரைப் பழனிச்சாமி. இருவர் பாஸ்போர்ட்டிலும் ஒரே ஒரு பெயர்தான். எங்கள் கணினிக்கோ இரண்டு பெயர் வேண்டும். ஆகவே இருவருக்கும் முதல் பெயரும் பழனிச்சாமி, கடைசிப் பெயரும் பழனிச்சாமி. பிறந்த தேதியா? சொல்ல வேண்டுமா என்ன, இருவருக்கும் ஜூன் ஒன்று. வருஷம்தான் வேறு.

அன்று ஃபுளூ ஊசிக்காகக் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. மதியம் மூன்று மணிக்கு வாக்கிங் பழனிச்சாமி வந்தார். டாக்டர் அவருக்குப் புதிதாக ஒரு கொதிப்பு மாத்திரை எழுதியிருந்தார். நான் தேதி கேட்டேன்.

"ஜூன் ஒண்ணுங்க."

வருஷம் கேட்டிருக்க வேண்டும். முகம் தெரியும், பெயர் தெரியும், எல்லாம் தெரியும் என்று பையை எடுத்து அக்காவின் பக்கம் தள்ளினேன். அக்கா ஊசி போட்டுவிட்டு ஓடிவந்தார். டப்பாவைத் திறந்து காட்டினார். "ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு போடணும்" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். ஊசி அறையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அக்கா திரும்பி ஓடினார். அவர் திருப்பிச் சொல்ல வைக்காமல் மருந்தைக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

ஐந்து மணிக்கு மேல் சர்க்கரைப் பழனிச்சாமியின் மகன் வந்தார். பைகள் இருக்கும் தட்டில் கையை விட்டேன். பழனிச்சாமி என்று ஒரே ஒரு பைதான் இருந்தது. அதற்குள் கொதிப்பு மாத்திரை. அப்படியென்றால் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சர்க்கரையே இல்லாத மனிதரின் வீட்டில் இருக்கிறது. அவர் வயதுக்கு அது ஒன்று உள்ளே போனாலே சர்க்கரை சரசரவென்று இறங்கி மயங்கி விழுந்துவிடுவார். வீட்டில் அந்த நேரத்துக்கு ஆள் வேறு இருக்காது.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றேன். என்ன யோசித்தேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. ஆறு மணிக்கு என் ஷிப்ட் முடியும், போகிற வழியில் நானே பெரியவர் வீட்டில் இறங்கிப் பையை மாற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று யோசித்தேன். நோட்டு, கையெழுத்து, என் அட்டை, என் பெயர் என்று யோசித்தேன். கை சும்மா இருக்க முடியாமல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் வெப்பநிலையை எழுதியது. பிறகுதான் பெரியவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, பை மாறிப் போச்சு. இப்பதான் பாத்தேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தார். பெரியவரின் மகன் ஃபோன் எடுக்கவில்லை, வீட்டில் தனி ஃபோன் கிடையாது. அடுத்த நிமிடம் அக்கா ஊசிக்கு நின்ற கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பிக் கடையைப் பூட்டினார். நம் ஜனங்கள் பேசிய பேச்சை எழுத முடியாது. அவர் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார், அந்த நிலையிலும்.

பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

"யாருங்க அது?" உள்ளிருந்து பெரியவர் குரல்.

"ஃபார்மசிலருந்து வாறோம்ய்யா. சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா?"

"இன்னும் இல்லீங்க. இப்பத்தான் தட்டு எடுத்து வெச்சேன். எந்த ஃபார்மசிங்க? பையன் சொல்லாம யாருக்கும் கதவு தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கானுங்க."

"சார், நான்தான் சார், மதியம் மருந்து குடுத்தேன்ல? கதவைத் திறங்க சார்!" நான் கதவை இடித்தேன்.

"கொரல வெச்சு எப்படிங்க நம்பறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து இறக்கினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. "சரியாத்தான் கேக்குதாரு" என்றார். எனக்கு அவரை அங்கேயே ஓர் அறை விடலாம் போலிருந்தது.

"ஐயா, கதவத் தொறக்க வேண்டாம். மாத்திரையும் போட வேண்டாம். அந்த டப்பாவ மட்டும் எடுத்துட்டு வாங்க. மேல வீட்டு நம்பர் அடிச்சிருக்கும். வாசிங்க."

மூக்குக் கண்ணாடி தேடும் சத்தம் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்படியொரு நேரத்தை நான் அனுபவித்ததில்லை.

"முந்நூத்தி எட்டுன்னு போட்டிருக்குதுங்க." அதையே இன்னொரு தடவை வாசித்தார். "நம்முளுது நூத்தி ஏழுங்களே!"

தாழ்ப்பாள் திறந்தது. ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் ஒற்றை மாத்திரை. அக்கா முதலில் அந்த மாத்திரையை வாங்கினார், பிறகு டப்பாவைக் கொட்டி நின்ற நிலையிலேயே எண்ணினார். இரண்டு தடவை. ஒன்றும் குறையவில்லை.

"அக்கா, சரியான டப்பாவைக் குடுத்துட்டுக் கிளம்பிடலாம்" என்று அவர் காதில் சொன்னேன். "எதுவும் ஆகலையே. பையனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் சோஃபாவில் உட்கார்ந்தார். மகன் வரும்வரை எழுந்திருக்கவில்லை. மகன் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னார். வருஷம் கேட்காதது இவள், திருப்பிச் சொல்ல வைக்காதது நான், மாத்திரையை விழுங்கியிருந்தால் இன்னது ஆகியிருக்கும், எல்லாம். அந்தப் பையன் கத்தித் தீர்த்துவிட்டான். பெரியவர்தான் சமாதானத்துக்கு வந்தார்.

"அவங்கள ஏண்டா வையற? எங்க ஹெட்மாஸ்டரைச் சொல்லோணும். ஊருக்கே ஒரு தேதி போட்டு வெச்சுட்டுப் போயிட்டாரு."

"இல்லைய்யா. அவரு போட்டது போட்டதுதான். பாக்க வேண்டியது நாங்கதான்" என்றார் அக்கா. சமாதானம் சொல்ல வந்த ஒரே ஆளையும் விட்டுவைக்கவில்லை.

அன்று இரவே அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் விஷயம் வந்துவிட்டது. பாதி வளாகம் மருந்தை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டது. சர்க்கரைப் பழனிச்சாமியும் போனார். மறுநாள் காலை அக்கா நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என் பெயர் அவர் பேனாவிலிருந்து இறங்குவது தலைகீழாகத் தெரிந்தது.

"அக்கா, நீங்கதான் ஓனர். உங்க பேர்லயே போட்டுக்கக் கூடாதா? மாநில ஃபார்மசி போர்டுலேருந்து வந்து கேட்டா என் பேர்தானே நாறும்?"

"நீ செஞ்சத என் பேர்ல போட்டா அது பொய்லா?"

நோட்டை என் பக்கம் திருப்பினார். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோனேன். பத்து நாள் அவரோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பிறந்த தேதியோடு வீட்டு நம்பரையும் கேட்க வேண்டும் என்று ஒரு புது விதி மட்டும் வந்தது. மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் உதட்டை இன்னும் அதிகமாகப் பிதுக்கினார்கள். போர்டு ஆட்கள் ஒருமுறை வந்தார்கள். நோட்டை வாங்கிப் புரட்டினார்கள், அக்காவிடம் ஏதோ கேட்டார்கள், போய்விட்டார்கள். என் அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன். கணவருக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்ததும் விட வேண்டியதாயிற்று. கடைசி நாள், கோட்டு ஒன்று, அட்டைக் கயிறு ஒன்று என்று நான் திருப்பிக் கொடுத்ததையெல்லாம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அக்கா கவுண்டருக்குப் போனார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகிற போக்கில் அந்தத் தயிர்சாதத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டை எடுத்தேன். புரட்டும்போது பழனிச்சாமி பக்கம் வந்தது.

முதல் வரியில் என் பெயர். வருஷம் கேட்கவில்லை. அடுத்த வரியில் அவர் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில். கடைசிச் சரிபார்ப்பு என்னுடையது, தலையாட்டியதைப் பதிலாக ஏற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். கீழே அந்த இரண்டு நேரக் கட்டங்கள். தெரியவந்தது: ஐந்து பத்து. சொல்லப்பட்டது: ஐந்து பதினான்கு.

இப்போதுதான் பார்த்தேன் என்று நான் சொன்னேன் அல்லவா? ஃபிரிட்ஜ் முன்னால் நின்ற நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஃபிரிட்ஜ் தாளில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஐந்து பத்து என்று, எழுதுகிற வேளையே இல்லாத வேளையில், என் கையாலேயே நேரம் எழுதியிருக்கிறேன். தினமும் கடை மூடும்போது அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். நான் அந்தப் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தபோதும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் எண்ணிய மாத்திரைகளை வழக்கம்போல இரண்டு முறைதான் எண்ணினார். ஒரு நாளும் மூன்றாவது முறை எண்ணவில்லை.

கவுண்டரில் யாரிடமோ, "பிறந்த தேதி சொல்லுங்க, வருஷத்தோட" என்பது கேட்டது. பிறகு அவர் உள்ளே வந்தார். என் கையில் நோட்டையும் திறந்திருந்த பக்கத்தையும் பார்த்தார்.

"பாத்தியா?" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பாத்தேன் அக்கா" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவது பதிலே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷி, எனக்கு அதை மட்டும் கொடுத்துவிட்டு, நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.